நானோசெகண்ட் துரத்துறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜிபிஎஸ் மாட்யூல் சில நூறு ரூபாய்க்கு கிடைக்க ஆரம்பிச்சதுல இருந்து வீட்டு மேஜையிலயே சாட்டிலைட்ல இருந்து நேரம் எடுக்குற கடிகாரம் கட்டுறவங்க நிறைய ஆகிட்டாங்க, கேள்விகளும் குவிஞ்சு கிடக்கு, அதனால இந்த இதழ் பூரா இது ஒண்ணுதான். கேள்வி அனுப்புறவங்க கிட்ட ஒரு வேண்டுகோள். "எவ்ளோ துல்லியம் கிடைக்கும்"னு மட்டும் எழுதாதீங்க. உங்களுக்கு வேண்டியது சரியான நேரமா, சரியான ஃப்ரீக்வென்சியா (செகண்டுக்கு எத்தனை துடிப்புங்கற அளவு), அதுவும் ஒரு செகண்டுக்குள்ளயா இல்ல ஒரு நாள் முழுக்க பாத்தா வர்றதான்னு சேத்து எழுதுங்க, ஏன்னா அதை பொறுத்து பதில் அப்படியே மாறிடும்.

கேள்வி: சார், நான் ஐடிஐ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் வாங்கி ஆர்டினோங்கற கண்ட்ரோலர் போர்டோட சேத்து எல்சிடியில கடிகாரம் பண்ணேன். டேட்டாஷீட்ல 30 நானோசெகண்ட்னு போட்டிருக்கு, ஆனா ஃபோனை பக்கத்துல வெச்சு பாத்தா அரை செகண்டுக்கு மேல பின்னாடி ஓடுது. எனக்கு வந்தது போலி மாட்யூலா?
– மாணவர், மதுரை

பதில்: போலியா இல்லையான்னு இதை வெச்சு சொல்ல முடியாது தம்பி, ஏன்னா அந்த 30 நானோசெகண்ட் (ஒரு நானோசெகண்ட்னா செகண்டுல நூறு கோடியில ஒரு பங்கு) எந்த பின்ல வருதோ அந்த பின்னை நீங்க இன்னும் தொடவே இல்ல. மாட்யூல்ல இருந்து ரெண்டு விஷயம் தனித்தனியா வெளிய வருது. ஒண்ணு சீரியல் லைன்ல எழுத்தா வர்ற நேரம், இன்னொண்ணு பிபிஎஸ், அதாவது ஒவ்வொரு செகண்ட் ஆரம்பிக்கிற அந்த கணத்துல எழும்புற ஒரு பல்ஸ். டேட்டாஷீட்ல போட்டிருக்குற 30 நானோசெகண்ட் அந்த பல்ஸோட ஏறுமுகத்துக்கு மட்டும்தான். சீரியல் எழுத்துக்கு அப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது, மாட்யூல் முதல்ல தன்னோட இடத்தை கணக்கு போட்டு முடிக்கணும், அப்புறம்தான் அனுப்ப ஆரம்பிக்கும், 9600 பாட் வேகத்துல ஒரு எழுத்து போக கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் ஆகும், மொத்தமா நானூறு ஐநூறு எழுத்து ஒவ்வொரு செகண்டும் போகுது, நீங்க கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் எல்சிடியில எழுதினீங்கன்னா அரை செகண்ட் அங்கயே போயிடுச்சு. இந்த தாமதம் எத்தனை சாட்டிலைட் தெரியுதுங்கறதை பொறுத்து கூடும் குறையும், அதனால "அரை செகண்டை கழிச்சுக்கலாம்"னு போனாலும் நிக்காது.

செய்ய வேண்டியது இதுதான். பிபிஎஸ் பின்னை ஆர்டினோவோட இன்டரப்ட் பின்ல, அதாவது சிக்னல் வந்த உடனே ப்ரோக்ராமை கவனிக்க வைக்கிற பின்ல, கொடுங்க (சில மலிவு போர்டுல அந்த பின்னை வெளிய எடுத்திருக்க மாட்டாங்க, சிமிட்டுற எல்இடி கிட்ட இருந்து ஒயர் சோல்டர் பண்ணி எடுக்கணும்). எழுத்தா வர்ற நேரம் இப்ப முடிஞ்ச பல்ஸோட பேருன்னு எடுத்துக்கிட்டு அதோட ஒரு செகண்ட் கூட்டி தயாரா வெச்சுக்கோங்க, அடுத்த பல்ஸ் வந்த உடனே அதை காட்டுங்க. ஆர்டினோ ஊனோவோட மைக்ரோஸ்ங்கற நேர கணக்கு 4 மைக்ரோசெகண்ட் படியா போறது, எல்சிடி எழுத்து மாறவே பல மில்லிசெகண்ட் ஆகுறது, ரெண்டையும் பாத்தா கண்ணுக்கு தெரியுற கடிகாரத்துக்கு இது தாராளமா போதும்.

இன்னொரு விஷயம். மாட்யூலை பவர் போட்ட முதல் சில நிமிஷம் அது 2, 3 செகண்ட் முன்னாடி ஓடுற மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க. ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6ல ஆரம்பிச்சது, பூமியோட சுழற்சிக்கு ஒத்துப்போக அப்பப்ப போடுற லீப் செகண்டை அதுல சேக்குறது இல்ல, 2017 ஜனவரி 1ல இருந்து அது உலக பொது நேரமான யூடிசியை விட 18 செகண்ட் முன்னாடி இருக்கு. அந்த 18ங்கற எண்ணை சாட்டிலைட் அனுப்பும், ஆனா முழு செய்தி வந்து முடிய 12.5 நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் மாட்யூல் தன் நினைவுல இருக்குற பழைய எண்ணை வெச்சு ஓட்டும். அப்புறம் உங்க ஃபோன், அது நெட்வொர்க்ல இருந்து நேரம் எடுக்குது, அதை அளவுகோலா வெச்சு மாட்யூலை சந்தேகப்படாதீங்க.

கேள்வி: மொட்டை மாடி ஆன்டெனாவுல இருந்து ரூம் வரைக்கும் டிஷ்ஷுக்கு போடுற ஆர்ஜி-6 கேபிள் 30 மீட்டர் போட்டிருக்கேன். இதனால துல்லியம் கெட்டுப்போகுமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஃப்ரீக்வென்சிக்காக போட்டிருந்தா கெடாது. ஃபோம் வெச்ச ஆர்ஜி-6ல சிக்னல் ஒரு மீட்டர் போக சுமார் 4 நானோசெகண்ட் எடுக்கும், 30 மீட்டருக்கு 120ஐ ஒட்டி வரும், உங்க பல்ஸ் அவ்ளோ லேட்டா வரும், ஆனா இன்னைக்கும் நாளைக்கும் அதே அளவுதான் லேட்டு. மாறாத லேட்டு ஃப்ரீக்வென்சியை தொடாது. நேரம்தான் வேணும்னா ரிசீவர் செட்டிங்ல கேபிள் டிலேன்னு ஒரு இடம் இருக்கும், அங்க அந்த எண்ணை போடுங்க, முடிஞ்சது. கேபிள் 75 ஓம், ரிசீவர் 50 ஓம்ங்கறதும் நடைமுறையில பெரிய தொந்தரவு இல்ல. கவலைப்பட வேண்டியது மின்னலுக்கு, மொட்டை மாடியில இருக்குற ஆன்டெனாவுக்கு அரெஸ்டரும் நல்ல எர்த்தும் கட்டாயம் போடுங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடியே.

கேள்வி: நான் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ ஆள். கியூஓ-100 சாட்டிலைட் கேக்குறேன், டிஷ் முனையில மாட்டுற சாதாரண டிவி எல்என்பிதான். காலையில ட்யூன் பண்ணது மதியம் எங்கயோ போயிடுது. ஜிபிஎஸ்டிஓ வாங்கணுமா இல்ல நல்ல டிசிஎக்ஸ்ஓ போதுமா?
– ஹாம் ஆர்வலர், கோவை

பதில்: முதல்ல மத்தவங்களுக்கு சில வரி. டிசிஎக்ஸ்ஓங்கறது வெப்பநிலை மாற்றத்தை தானே ஈடு கட்டிக்கிற க்ரிஸ்டல் ஆசிலேட்டர், ஜிபிஎஸ்டிஓங்கறது ஜிபிஎஸ் நேரத்தை பாத்து திருத்திக்கிட்டே இருக்குற ஆசிலேட்டர். கியூஓ-100ங்கறது 2018 நவம்பர்ல போன எஸ்ஹெயில்-2 சாட்டிலைட்ல ஹாம்களுக்காக வெச்ச ட்ரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கி திருப்பி அனுப்புற கருவி), 26 டிகிரி கிழக்குல நிக்குது, நம்ம ஊர்ல இருந்து மேற்கு பக்கம் சுமார் 30 டிகிரி உயரத்துல கிடைக்கும். கீழ வர்றது 10489.5 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது.

எல்என்பிக்குள்ள 25 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டல் ஒண்ணு இருக்கு, அதை 390 மடங்கு பெருக்கி 9750 மெகாஹெர்ட்ஸ் பண்ணி வர்ற சிக்னல்ல இருந்து கழிக்குது. இப்ப க்ரிஸ்டல் பத்து லட்சத்துல ஒரு பங்கு (1 பிபிஎம்) நகந்தா 25 ஹெர்ட்ஸ்தான், ஒண்ணுமே இல்லைன்னு தோணும், ஆனா 390ஆல பெருக்கினா 9.75 கிலோஹெர்ட்ஸ், அதாவது நீங்க கேட்டுட்டு இருந்த ஆளை தாண்டி மூணாவது ஆள் மேல போய் நிப்பீங்க. மதிய வெயில்ல மாடியில காயுற எல்என்பிக்கு அதை விட பல மடங்கு நகர்றது சாதாரணம். அரை பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ போட்டா கிட்டத்தட்ட 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஆடலாம், வழக்கமா அதை விட கம்மியாதான் ஆடும், டயலை அப்பப்ப திருப்பிக்கிட்டா கேக்கலாம், ஆனா ஹாம்கள் பேசுற எஸ்எஸ்பி முறையில ஒரு நூறு ஹெர்ட்ஸ் தள்ளினாலே குரல் மாறிடும். ஆயிரம் கோடியில ஒரு பங்கு பிடிக்கிற ஜிபிஎஸ்டிஓ குடுத்தா ஆட்டம் 1 ஹெர்ட்ஸ், காலையில வெச்சது ராத்திரியும் அங்கயே இருக்கும்.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, இதை விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. 390 மடங்கு பெருக்கும்போது ஆட்டத்தோட சேந்து இரைச்சலும் பெருகும், ஃபேஸ் நாய்ஸ்னு சொல்ற அந்த இரைச்சல் 52 டெசிபல் ஏறும். நீண்ட நேரத்துக்கு அற்புதமா நிக்கிற ஒரு மலிவான ஃப்ரீக்வென்சி சிந்தசைசர் பெட்டி, ஒரு செகண்டோட சின்ன சின்ன துண்டுல நடுங்குச்சுன்னா, 10 கிகாஹெர்ட்ஸ்ல அது தவளை கத்துற மாதிரி டோனா வந்து நிக்கும். அதனால உங்களுக்கு வேண்டியது நல்ல ஓசிஎக்ஸ்ஓ (ஒரே சூட்டுல வெச்சிருக்குற குட்டி அடுப்புக்குள்ள இருக்குற க்ரிஸ்டல் ஆசிலேட்டர்) உள்ள ஜிபிஎஸ்டிஓ, வெறும் ஜிபிஎஸ் மாட்யூல்ல இருந்து நேரா எடுத்த க்ளாக் இல்ல. கேக்க மட்டும் போறீங்க, காசு செலவு பண்ண மனசில்லைன்னா, ட்ரான்ஸ்பாண்டர்ல இருக்குற பீக்கனை (அசையாத ஃப்ரீக்வென்சியில வர்ற அடையாள சிக்னல்) பிடிச்சு அதை வெச்சு ஆட்டத்தை தானா கழிச்சுக்கிற எஸ்டிஆர் சாஃப்ட்வேர், அதாவது கம்ப்யூட்டரையே ரேடியோவாக்குற சாஃப்ட்வேர், இருக்கு, அதை போட்டு பாருங்க, நிறைய பேருக்கு அதுவே போதும்.

கேள்வி: மேல உள்ள ஹாம் மாதிரிதான் எனக்கும். என் கிட்ட இருக்குற நியோ-எம்8 மாட்யூலோட டைம் பல்ஸை செட்டிங்ல 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்தலாம்னு தெரிஞ்சுது. அப்படின்னா அதையே ஸ்டாண்டர்டா வெச்சுக்கலாமே, ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ஓசிஎக்ஸ்ஓ தேடி அலைஞ்சு ஒரு சர்க்யூட் கட்டுறது எதுக்கு?
– எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், சென்னை

பதில்: இந்த கேள்விக்குதான் நான் ரொம்ப நாளா காத்துட்டு இருந்தேன், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மாட்யூலுக்குள்ள 48 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் ஒண்ணு ஓடுது. மாட்யூல் எந்த பல்ஸ் வெளிய விட்டாலும் அந்த க்ளாக்கோட ஏதோ ஒரு விளிம்புலதான் விட முடியும், ரெண்டு விளிம்புக்கு நடுவுல விட வழியே இல்ல, ஒரு விளிம்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 21 நானோசெகண்ட். 48ஐ 10ஆல வகுத்தா முழு எண் வராது, அதனால 10 மெகாஹெர்ட்ஸ் கேட்டா சில சைக்கிள் 4 விளிம்புல முடியும், சிலது 5ல முடியும், ஆசிலோஸ்கோப்ல போட்டு பாத்தா விளிம்பு ரெண்டு மூணா தெரியும். சராசரி 10 மெகாஹெர்ட்ஸ்தான், ஃப்ரீக்வென்சி கவுண்டர்ல 10 செகண்ட் கேட் (எண்ணுற நேரம்) வெச்சு பாத்தா அழகா காட்டும், அதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 8 மெகாஹெர்ட்ஸ் வெச்சா 6ஆல சரியா வகுபடும், சுத்தமா இருக்கும், ஆனா அப்பவும் உள்ள இருக்குற 48 தானா ஓடுற க்ளாக்குங்கறதால சாட்டிலைட் நேரத்தோட ஒத்துப்போக அப்பப்ப ஒரு விளிம்பை விழுங்கவோ சேக்கவோ செய்யும்.

ஒரு செகண்டுக்கு ஒரு பல்ஸ் எடுத்தாலும் இதே கதைதான். உண்மையான செகண்ட் எங்கயோ நடுவுல இருக்கும், பல்ஸ் பக்கத்து விளிம்புல வரும், இந்த பிழை மெல்ல ஏறி டக்குனு இறங்கி மறுபடி ஏறும், வரைஞ்சு பாத்தா ரம்பப்பல் மாதிரி இருக்கும். நியோ-6டி, எம்8டி மாதிரி டைமிங் ரகங்கள் "இந்த பல்ஸ் இத்தனை நானோசெகண்ட் தள்ளி வருது"ன்னு சீரியல்ல சொல்லிடும், நம்ம சாஃப்ட்வேர்ல கழிச்சுக்கலாம்.

இப்ப ஓசிஎக்ஸ்ஓ எதுக்குன்னு பாருங்க. பிபிஎஸ் ஆட்டம் 20 நானோசெகண்ட்னு வெச்சுக்குவோம். ஒரு செகண்டை அளந்தா பிழை அஞ்சு கோடியில ஒரு பங்கு, அது சாதாரண டிசிஎக்ஸ்ஓவை விட மோசம். அதே 20 நானோசெகண்ட் ஆயிரம் செகண்டுக்கு பரவினா அஞ்சாயிரம் கோடியில ஒண்ணு. ஒரு நாள் முழுக்க பரவினா சுமார் நாலு லட்சம் கோடியில ஒண்ணு, அது வீட்டுல வேற எதுலயும் கிடைக்காத அளவு. ஓசிஎக்ஸ்ஓ இதுக்கு நேர் எதிர். ஒரு செகண்டுல பத்தாயிரம் கோடியில ஒண்ணு, நல்லதா இருந்தா லட்சம் கோடியில ஒண்ணு வரைக்கும் அசையாம நிக்கும், ஆனா நாள் கணக்குல வயசாகி மெல்ல நகரும். தேர் இழுக்குறப்போ சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறவர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கட்டை போட மாட்டார், தேர் வீதியோட ஓரத்துக்கு சாயுதுன்னு தெளிவா தெரிஞ்சாதான் போடுவார், ஜிபிஎஸ்டிஓ சர்க்யூட்டோட வேலையும் அதுதான். எத்தனை செகண்ட் பொறுத்து திருத்தணும்ங்கறதுதான் டைம் கான்ஸ்டன்ட், ஓசிஎக்ஸ்ஓவோட தரத்தை பொறுத்து சில நூறுல இருந்து சில ஆயிரம் செகண்ட் வரைக்கும் வெப்பாங்க. ரொம்ப சின்னதா வெச்சா பிபிஎஸ் ஆட்டம் அப்படியே 10 மெகாஹெர்ட்ஸ்ல ஏறிடும், நல்ல ஓசிஎக்ஸ்ஓவை வாங்கி அதை நீங்களே கெடுக்குற மாதிரி.

கட்டுறப்போ ஒரு கணக்கு பாத்துக்கோங்க. ஓசிஎக்ஸ்ஓவை கண்ட்ரோல் வோல்டேஜால மேலயும் கீழயும் 2 ஹெர்ட்ஸ் நகத்தலாம்னு வெச்சா, எண்ணை வோல்டேஜா மாத்துற 16 பிட் டாக் (டிஏசி) போட்டா ஒரு படி லட்சம் கோடியில 6 பங்கு, நல்லா இருக்கு. ஆர்டினோவோட 8 பிட் பிடபிள்யூஎம்ல (பல்ஸோட அகலத்தை மாத்தி வோல்டேஜ் உண்டாக்குற வழி) போட்டா ஒரு படி நூறு கோடியில ஒண்ணரை பங்கு, அங்க ஜிபிஎஸ் எவ்ளோ நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. டாக்குக்கு குடுக்குற ரெஃபரன்ஸ் வோல்டேஜ் வெயிலுக்கு நகந்தா ஃப்ரீக்வென்சியும் கூடவே நகரும், அதனால ரெகுலேட்டரை ஃபேன் காத்து படாத இடத்துல வைங்க.

இதெல்லாம் புதுசு இல்ல. ப்ரூக்ஸ் ஷெராங்கற அமெரிக்க ஹாம் 1998 ஜூலை க்யூஎஸ்டி பத்திரிகையில ஒரு வீட்டு ஜிபிஎஸ்டிஓ டிசைன் போட்டார், அதை பாத்துதான் உலகம் பூரா நிறைய பேர் ஆரம்பிச்சாங்க. சிடிஎம்ஏ ஃபோன் டவர்ல இருந்து கழட்டின ஹெச்பி இசட்3801ஏ, அப்புறம் ட்ரிம்பிள் தண்டர்போல்ட், இந்த ரெண்டு ஜிபிஎஸ்டிஓவும்தான் பொழுதுபோக்கு ஆளுங்க கைக்கு அதிகமா வந்தது. தண்டர்போல்ட்ல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு, ஜிபிஎஸ் ரிசீவருக்கு தனி க்ளாக் குடுக்காம அதே ஓசிஎக்ஸ்ஓவையே குடுத்திருப்பாங்க, அதனால மேல சொன்ன ரம்பப்பல் பிரச்சனையே அதுல எழாது. ரெண்டு தலைமுறை தாண்டியும் எனக்கு அந்த டிசைன் மேல மரியாதை குறையல.

கேள்வி: என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். சாட்டிலைட்ல இருக்குற கடிகாரம் நம்ம கடிகாரத்தை விட வேகமா ஓடும்னு சொல்றான், அவங்க சார் கிட்ட கேட்டா தெரியலைன்னுட்டாராம். உண்மையா?
– அம்மா, தஞ்சாவூர்

பதில்: உண்மைதாம்மா. ஜிபிஎஸ் சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, அங்க ஈர்ப்பு கம்மிங்கறதால கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் 45 மைக்ரோசெகண்ட் வேகமா ஓடும், சாட்டிலைட் ஓடுற வேகத்தால 7 மைக்ரோசெகண்ட் மெதுவாகும், மொத்தத்துல 38 மைக்ரோசெகண்ட் வேகம். ஒளி அந்த நேரத்துல 11 கிலோமீட்டருக்கு மேல போயிடும், அதனால கண்டுக்காம விட முடியாது. மேல போறதுக்கு முன்னாடியே கடிகாரத்தோட ஃப்ரீக்வென்சியை 10.23 மெகாஹெர்ட்ஸ்க்கு பதிலா 10.22999999543ன்னு துளியூண்டு குறைச்சு வெச்சு அனுப்புறாங்க. 1977ல என்டிஎஸ்-2ங்கற சோதனை சாட்டிலைட்ல மூணு வாரம் கிட்ட இந்த திருத்தம் இல்லாமலே ஓட விட்டு அளந்தாங்க, கணக்கு போட்டதுக்கும் அளந்ததுக்கும் வித்தியாசம் நூத்துல ஒரு பங்கு கூட இல்ல.

பையன் கிட்ட இதையும் சொல்லுங்க. அமெரிக்காவுல டாம் வான் பாக்னு ஒருத்தர், நேரம் அளக்குறதை பொழுதுபோக்கா வெச்சிருக்குறவர், 2005ல வீட்டுல இருந்த சிசியம் அணு கடிகாரம் மூணை வேன்ல ஏத்திக்கிட்டு பிள்ளைங்களோட ரெய்னியர் மலைக்கு போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தார். திரும்பி வந்து வீட்டுல விட்டுட்டு போன கடிகாரங்களோட ஒப்பிட்டா, மலைக்கு போனது சுமார் 22 நானோசெகண்ட் முன்னாடி போயிருந்துச்சு, ஐன்ஸ்டைன் கணக்கு சொன்ன அளவே. நேரம்னா இடத்தை பொறுத்ததுங்கறதை ஒரு குடும்பம் லீவுல போய் அளந்துட்டு வந்திருக்குங்கறது எனக்கு இன்னைக்கும் பெரிய சந்தோஷம்.

கேள்வி: பழைய ரூபிடியம் அணு கடிகாரம் ஒண்ணு வாங்கி, ஜிபிஎஸ் பிபிஎஸ்ஸை அது கூட கவுண்டர்ல ஒப்பிட்டு லாக் (பதிவு) பண்றேன். பகல்ல மெல்ல வளைஞ்சு வளைஞ்சு போகுது, அது பரவாயில்ல. மார்ச் மாசம் சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு மேல ரிசீவர்ல சாட்டிலைட் ஒண்ணொண்ணா விட்டு விட்டு வருது, பிபிஎஸ் குதிக்குது, நடுராத்திரிக்கு மேல தானா சரியாகுது. ஆன்டெனா போயிடுச்சா?
– இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, ஆன்டெனாவை கழட்டாதீங்க. நீங்க உக்காந்திருக்குற இடம் அப்படி. பூமியோட காந்த நிலநடுக்கோடு இந்தியாவோட தென்முனையை ஒட்டி போகுது, 1963ல தும்பாவை ராக்கெட் விடுறதுக்கு தேர்ந்தெடுத்ததே அதனாலதான், உங்க ஊர்லயே இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் இருக்குறதும் அதனாலதான்.

ரெண்டு விஷயம் நடக்குது. பகல்ல சூரிய வெளிச்சத்துல அயனமண்டலத்துல, அதாவது வானத்துல ரொம்ப மேல இருக்குற மின்னூட்டம் உள்ள அடுக்குல, எலக்ட்ரான் பெருகும், அது ஜிபிஎஸ் சிக்னலை தாமதப்படுத்தும். எலக்ட்ரான் அளவுக்கு டெக் யூனிட்னு ஒண்ணு இருக்கு, ஜிபிஎஸ்ஸோட முக்கிய ஃப்ரீக்வென்சியான எல்1ல ஒரு யூனிட்டுக்கு அரை நானோசெகண்ட் சொச்சம் தாமதம், நம்ம பக்கம் மதியம் பல பத்து யூனிட் போகும், சூரியன் உச்சத்துல இருக்குற வருஷங்கள்ல 100ஐ ஒட்டியும் போகும், அப்ப தலைக்கு நேர் மேல இருக்குற சாட்டிலைட்டுக்கே 50 நானோசெகண்ட், அடிவானத்து பக்கம் இருக்குறதுக்கு இன்னும் அதிகம். இதை சரி பண்ண சாட்டிலைட்டே குளோபுச்சர் மாடல்னு ஒரு கணக்கை அனுப்புது, ஆனா அது எட்டே எண்ணுல உலகம் பூராவுக்கும் போட்ட கணக்கு, மதியம் 2 மணிக்கு உச்சம்னு வெச்சுக்கும், ராத்திரி பூரா 5 நானோசெகண்ட்னு ஒரே எண் போட்டுக்கும், சராசரியா பாதி பிழையைத்தான் எடுக்கும். ஐரோப்பாவுல உக்காந்து எழுதின அனுபவக்குறிப்புகள்ல "10 நானோசெகண்ட் கிடைக்குது"ன்னு இருந்தா அதை நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்க முடியாது.

ரெண்டாவது, நீங்க பாத்த அந்த சாயங்கால குதிப்பு. சூரியன் மறைஞ்ச பிறகு அயனமண்டலத்தோட அடிப்பகுதி சீக்கிரமா கரையும், மேல் பகுதி கனமா இருக்கும், அதுக்குள்ள எலக்ட்ரான் கம்மியான குமிழி மாதிரி பகுதிகள் மேல எழும்பும், சிக்னல் அது வழியா வரும்போது மினுமினுக்கும். மார்ச் ஏப்ரல், செப்டம்பர் அக்டோபர் மாசங்கள்ல நம்ம பக்கம் இது அதிகம், ராத்திரி ஏழு மணில இருந்து நடுராத்திரி வரைக்கும். உங்க லாக் சொல்றது அச்சு அசலா இதுதான்.

உறுதி பண்ணிக்க ஒரு வழி இருக்கு, உங்க மாணவர்களை வெச்சே பண்ணலாம். பல நாள் லாக்கை ஒண்ணு மேல ஒண்ணு வரைங்க. ஜிபிஎஸ் சாட்டிலைட் வானத்துல அதே இடத்துக்கு திரும்பி வர 23 மணி 56 நிமிஷம் ஆகும். ஒரு மேடோ பள்ளமோ தினமும் 4 நிமிஷம் முன்னாடி முன்னாடி நகந்துக்கிட்டே வந்தா அது பக்கத்து சுவத்துல பட்டு வர்ற பிரதிபலிப்பு. நகராம உள்ளூர் நேரத்துலயே நின்னா அது அயனமண்டலம், இல்லைன்னா உங்க ரூம் வெப்பநிலை, அதுக்கு ரூபிடியம் பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் வெச்சா தெரிஞ்சுடும்.

தீர்வுன்னா ரெண்டு ஃப்ரீக்வென்சி எடுக்குற டைமிங் ரிசீவர், ஜெட்இடி-எஃப்9டி மாதிரி. அயனமண்டல தாமதம் ஃப்ரீக்வென்சியை பொறுத்து மாறும், ரெண்டையும் அளந்தா அந்த பிழையை கிட்டத்தட்ட முழுசா கழிச்சுடலாம், பகல் வளைவு போயிடும். சாயங்கால மினுமினுப்பை எந்த ரிசீவராலயும் முழுசா தடுக்க முடியாது, அந்த சில மணி நேரம் ஜிபிஎஸ்ஸை நம்பாம ரூபிடியத்தை தன் போக்குல ஓட விடுறதுதான் நல்லது. உங்க கைல ரூபிடியம் இருக்கு, மத்தவங்களை விட நீங்க கொடுத்து வெச்சவர்.

கேள்வி: ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல டைம் சர்வர் (மத்த கம்ப்யூட்டருக்கு நேரம் குடுக்குறது) வெக்கப்போறேன். யூஎஸ்பி ஜிபிஎஸ் போதுமா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: போதாதும்மா. யூஎஸ்பி வழியா வர்றது மில்லிசெகண்ட் கணக்குல முன்ன பின்ன ஆகும், பிபிஎஸ்ஸை ஜிபிஐஓ பின்ல நேரா குடுத்து க்ரோனிங்கற சாஃப்ட்வேர் போட்டா ராஸ்பெர்ரி பைக்குள்ள மைக்ரோசெகண்ட் அளவுக்கு வந்துடும். ஆனா அதை வைஃபை வழியா மத்த கம்ப்யூட்டருக்கு குடுத்தா மறுபடி மில்லிசெகண்ட்தான், ஒயர் போடுங்க. பை சூடாகி ஆறும்போது அதோட க்ரிஸ்டலும் ஆடும், வேற கனமான வேலை எதுவும் அதுல ஓட்டாதீங்க.

கேள்வி: ஜிபிஎஸ் நேரமே தப்பா போனா என்ன பண்றது? அமெரிக்க ராணுவம் கைல இருக்குறதை நம்பி எல்லாம் கட்டுறோம். ஜிபிஎஸ் மாதிரியே நம்ம நாட்டுக்குன்னு இருக்குற நாவிக் வெச்சு பண்ண முடியாதா?
– சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெங்களூரு

பதில்: தப்பா போயிருக்கு. 2016 ஜனவரி 26 அன்னிக்கு ஒரு பழைய சாட்டிலைட்டை ஓய்வு குடுக்குறப்போ யூடிசி திருத்த எண் தப்பா ஏறி சில சாட்டிலைட்கள் வழியா பரவி, பல மணி நேரம் 13 மைக்ரோசெகண்ட் பிழை வந்துச்சு. வரைபடம் பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியல, நேரத்துக்காக அதை நம்பியிருந்த இடங்கள்லதான் அலாரம் அடிச்சுது. அதுக்கும் முன்னாடி, 2000 மே மாசம் வரைக்கும், வேணும்னே சிக்னலை ஆட்டிட்டு இருந்தாங்க, அப்ப பொதுமக்களுக்கு சொன்ன துல்லியம் 340 நானோசெகண்ட். அப்புறம் 1024 வாரத்துக்கு ஒரு தடவை, தேதி கணக்குக்காக ஜிபிஎஸ் அனுப்புற வார எண் பூஜ்யமாகும், கடைசியா 2019 ஏப்ரல்ல ஆச்சு, அடுத்தது 2038 நவம்பர். சில பெட்டிகளுக்கு அவங்க அவங்க ஃபர்ம்வேரை பொறுத்து வேற தேதியில வரும், தண்டர்போல்ட் 2017 ஜூலை 30ல தேதியை 1997க்கு கொண்டு போயிடுச்சு, ஆனா அதோட 10 மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூட அசையல. ஃப்ரீக்வென்சிக்கு வெச்சிருந்தவங்க கண்டுக்கவே இல்ல, நேரத்துக்கு வெச்சிருந்தவங்கதான் திண்டாடினாங்க.

நாவிக் கண்டிப்பா வெச்சுக்கலாம், வெச்சுக்கணும்னே சொல்லுவேன். அதோட சாட்டிலைட் நமக்கு மேலயே நிக்கிற மாதிரி சுத்துறதால தென்னிந்தியாவுல நல்ல உயரத்துல கிடைக்கும், எல்5ங்கற இன்னொரு ஃப்ரீக்வென்சியில வர்றதால எல்1 ஜிபிஎஸ்ஸோட சேத்து ஒப்பிடவும் வசதி. அதோட வரலாறே கடிகாரத்தோட வரலாறுதான், முதல் சாட்டிலைட் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏல இருந்த மூணு வெளிநாட்டு ரூபிடியம் கடிகாரமும் போச்சு, அந்த அடிக்கு அப்புறம் அகமதாபாத் ஸ்பேஸ் அப்ளிகேஷன்ஸ் சென்டர்ல நம்ம ஆளுங்களே ரூபிடியம் கடிகாரம் பண்ணி 2023 மே 29 அன்னிக்கு என்விஎஸ்-01ல ஏத்தினாங்க. அந்த சாட்டிலைட்ல இருந்துதான் எல்1லயும் நாவிக் வர ஆரம்பிச்சுது. இதுல எனக்கு பெருமை உண்டு, மறைக்கல. ஆனா இன்னைக்கு தேதியில நாவிக் மட்டும் நம்பி கட்டாதீங்க, ஜிபிஎஸ், ஐரோப்பாவோட கலிலியோ, நாவிக் மூணையும் எடுக்குற ரிசீவர் வாங்கி, ஒண்ணு மத்ததை விட்டு விலகினா எச்சரிக்கை வர்ற மாதிரி எழுதுங்க, நீங்க சாஃப்ட்வேர் ஆளு, அந்த வேலை உங்களுக்கு சுலபம்.

கேள்வி: ஜிபிஎஸ்டிஓ கட்டிட்டேன், ஜிபிஎஸ்ஸோட பூட்டிக்கிச்சுன்னு காட்டுற லாக் லைட்டும் எரியுது. இது சரியா இருக்கான்னு எதை வெச்சு பாக்குறது? என் கிட்ட இதை விட நல்ல கடிகாரம் எதுவும் இல்ல.
– ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர், நாகர்கோவில்

பதில்: நண்பர் கிட்ட இன்னொரு ஜிபிஎஸ்டிஓ இருந்தா வாங்கி ரெண்டு 10 மெகாஹெர்ட்ஸையும் ஸ்கோப்ல போடுங்க, ஒண்ணை ட்ரிகருக்கு குடுங்க. ஒரு முழு சைக்கிள் 100 நானோசெகண்ட், ஒண்ணு இன்னொண்ணை தாண்டி ஒரு சைக்கிள் நகர ஆயிரம் செகண்ட் ஆனா வித்தியாசம் ஆயிரம் கோடியில ஒரு பங்கு. ஆனா ரெண்டும் ஒத்துப்போறதை வெச்சு ரெண்டும் சரின்னு முடிவு பண்ணிடாதீங்க, ரெண்டும் அதே சாட்டிலைட்டை அதே அயனமண்டலம் வழியா கேக்குது, பொதுவான பிழை கழிஞ்சு போயிடும், கண்ணுக்கே தெரியாது.

தனியா இருந்தா கண்ட்ரோல் வோல்டேஜை தொடர்ந்து பதிவு பண்ணுங்க, ஓசிஎக்ஸ்ஓவோட வயசும் உடம்பும் அதுல தெரியும். புதுசா சூடான முதல் சில வாரம் ஒரே பக்கமா நகந்து அப்புறம் நகர்ற வேகம் குறையும், அது நல்ல அறிகுறி. தினமும் மதியம் ஏறி ராத்திரி இறங்கினா வெப்பம் உள்ள போகுது, பெட்டியை தெர்மாகோல்ல மூடி வைங்க, கீழ் தளத்துல இடம் இருந்தா இன்னும் நல்லது. ஒரு நாள் திடீர்னு குதிச்சுட்டு புது இடத்துல நின்னா க்ரிஸ்டல்ல குதிப்பு, பழைய ஓசிஎக்ஸ்ஓக்கள்ல வரும், அடிக்கடி வந்தா வேற மாத்திக்கோங்க.

அப்புறம் ஆன்டெனாவை பிடுங்கிட்டு ஒரு சோதனை. ஒரு வாரமாவது ஓடின பிறகு பண்ணுங்க. உங்க ஓசிஎக்ஸ்ஓ ஆயிரம் கோடியில ஒரு பங்கு தள்ளி நின்னா ஒரு நாள்ல 8.64 மைக்ரோசெகண்ட் சேரும், சிடிஎம்ஏ டவருக்கு 10 மைக்ரோசெகண்ட்தான் எல்லைன்னு இருந்தது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். ரெண்டாவதா ஒரு சாதாரண ஜிபிஎஸ் மாட்யூலை தனியா ஓட விட்டு அதோட பிபிஎஸ்ஸையும் உங்க பெட்டியோட பிபிஎஸ்ஸையும் ஸ்கோப்ல வெச்சுக்கோங்க, ஆன்டெனா பிடுங்கின நேரத்துல இருந்து மணிக்கு ஒரு தடவை இடைவெளியை குறிச்சுக்கோங்க, மாட்யூல் பல்ஸ் ஆடுறதால ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் பாத்து சராசரி எடுங்க. நேர்கோடா ஏறினா பிடுங்கின நேரத்துல ஃப்ரீக்வென்சி கொஞ்சம் தள்ளி நின்னுருக்கு, டைம் கான்ஸ்டன்டை கூட்டி பாருங்க. வளைஞ்சு ஏறினா அது ஓசிஎக்ஸ்ஓவோட வயசும் வெப்பமும், அதே சோதனையை பகல்ல ஒரு தடவை ராத்திரியில ஒரு தடவை பண்ணா ரெண்டையும் பிரிச்சுடலாம். வர்ற எண்களை எழுதி அனுப்புங்க, நாகர்கோவில் காந்த நிலநடுக்கோட்டுக்கு பக்கம்ங்கறதால ராத்திரி சோதனையை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்காம நடுராத்திரிக்கு மேல ஆரம்பிங்க.